உப்புப் பாத்தியில் ஒரு பழைய வில்லை
(சினிமா லென்சுகளின் கதையும் அண்மைப் படப்பிடிப்பும்)

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குச் சென்றவர்கள் மரக்காணத்து உப்பளங்களைக் கண்டிருப்பீர்கள். சாலையின் ஓரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கட்டம் கட்டமாகப் பாத்திகள். அவற்றின் வரப்புகளில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். சங்க நூல் குறிப்பிடும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இன்றும் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் நிற்கும் தமிழ்நாட்டில், மரக்காணத்துக்கு ஒரு தனி இடம் உண்டு.

பேருந்தின் சன்னலிலிருந்து பார்த்தால் உப்பு வெறும் வெள்ளைப் பொடிதான். ஆனால் ஒரு முறை பாத்தியின் வரப்பில் குந்தி, நீரின் மேற்பரப்பை உற்று நோக்குங்கள். காற்று அடங்கிய வேளையில், சிறு சிறு கண்ணாடிச் சில்லுகள் போன்றவை நீரின் மேல் மிதப்பதைக் காண்பீர்கள். அவை உப்புப் படிகங்கள். உப்பு நீரை விடக் கனமானதாயிற்றே, அது எப்படி மிதக்கிறது? அந்தப் படிகம் எப்படிப் பிறக்கிறது, எப்படி வளர்கிறது, எப்போது மூழ்குகிறது?

இக்கேள்விக்கு விடை தேடித்தான் நானும் என் மாணவர்கள் சிலரும் ஒரு காமிராவுடன் அங்கே சென்றோம். சென்ற பிறகுதான், ஒரு மூன்று மில்லிமீட்டர்ப் பொருளைத் திரை முழுதும் நிரம்பும்படி படம் பிடிப்பது எவ்வளவு பெரிய சங்கடம் என்பது புரிந்தது. அந்தச் சங்கடத்தைத் தீர்க்க எங்களுக்கு உதவியது, சினிமாக் கொட்டகையிலிருந்து கழித்துப் போடப்பட்ட ஒரு பழைய வில்லை. அந்த வில்லையைக் கையில் எடுத்தபோது, அதன் பின்னால் நூற்றெண்பது ஆண்டு வரலாறு ஒன்று நீண்டு கிடப்பது தெரிந்தது. அதைத்தான் இக்கட்டுரையில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒற்றை வில்லை ஏன் போதாது?

பள்ளியில் நீங்கள் ஒரு குவிவில்லையைக் கொண்டு சன்னலின் பிம்பத்தைச் சுவரில் விழச் செய்திருப்பீர்கள். பிம்பத்தின் நடுப்பகுதி தெளிவாகவும் ஓரங்கள் மங்கலாகவும் இருந்ததை நினைவுகூருங்கள். விளிம்புகளில் வானவில் நிறம் படிந்திருந்ததையும் கவனித்திருக்கலாம். முதற்குறை கோளப் பிறழ்ச்சி போன்றவற்றால் வருவது. இரண்டாவது நிறப் பிறழ்ச்சி. ஒரே கண்ணாடித் துண்டைக் கொண்டு இவற்றை நீக்க இயலாது. வெவ்வேறு ஒளிவிலகல் எண் கொண்ட கண்ணாடிகளை, வெவ்வேறு வளைவுகளில் தேய்த்து, தக்க இடைவெளியில் அடுக்கினால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்யும். புகைப்பட வில்லையின் வரலாறு என்பது இந்த ஈடு செய்யும் கலையின் வரலாறே.

1840இல் வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜோசப் பெட்சுவால், கணக்கிட்டே ஒரு வில்லையை வடிவமைத்தார். அக்காலத்து வில்லைகளைக் காட்டிலும் பல மடங்கு ஒளியை அது உள்ளே விட்டது. உருவப் படம் எடுக்க வந்தவர்கள் நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருந்த கொடுமை அதனால் ஒழிந்தது. ஓரங்கள் மங்கினாலும் நடுப்பகுதி மிகக் கூர்மையாக அமைந்த இவ்வடிவம், பிற்காலத்தில் சினிமாக் கொட்டகைகளின் புரொஜெக்டர் வில்லையாக மாறி நெடுங்காலம் வாழ்ந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இதனிடம் வருவோம்.

1893இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் டென்னிஸ் டெய்லர் என்பவர் மூன்றே துண்டுகளில் குறைகள் பலவற்றைத் தீர்த்துக் காட்டினார். அவர் பணியாற்றிய குக் கம்பெனியின் பெயரால் அது 'குக் டிரிப்ளெட்' எனப்பட்டது. ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனத்தின் பால் ருடால்ஃப் 1896இல் 'பிளானார்' என்ற ஆறு துண்டு வில்லையையும், 1902இல் 'டெஸ்ஸார்' என்ற நான்கு துண்டு வில்லையையும் உருவாக்கினார். இவற்றுள் பிளானார், நடுத்துளைக்கு இருபுறமும் ஏறக்குறைய ஒரே அமைப்பைக் கொண்டது; கண்ணாடியின் முன் நிற்பவனும் அவன் நிழலும் போல.

பட்டாணிச் செடியும் பழைய காமிராவும்

இவ்வாறு வில்லைகள் செம்மையுற்று வந்த காலத்தில்தான் சலனப்படம் பிறந்தது. 1895இல் பாரிசில் லூமியேர் சகோதரர்கள் காட்டிய படம், அடுத்த ஆண்டே, 1896 ஜூலை 7ஆம் நாள் பம்பாய்க்கு வந்துவிட்டது. வியப்பு என்னவெனில், அது பிறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே மனிதன் காமிராவை நுண்பொருள்களின் பக்கம் திருப்பினான். 1903இல் லண்டனில் மார்ட்டின் டங்கன் நுண்ணோக்கி வழியாகப் பாலாடைக் கட்டியில் ஊரும் சிற்றுயிர்களைப் படமாக்கிக் கொட்டகையிலேயே காட்டினார். 1910இல் பெர்சி ஸ்மித் பூக்கள் மலர்வதைப் படமாக்கினார்.

நம் நாட்டில்? இந்தியத் திரைப்படத்தின் தந்தை எனப்படும் தாதாசாகேப் பால்கே, 1912இல் லண்டன் சென்று ஒரு வில்லியம்சன் காமிராவை வாங்கி வந்தார். படம் எடுக்கப் பணம் வேண்டும். பணம் கொடுப்பவருக்கு நம்பிக்கை வர வேண்டும். எனவே அவர் ஒரு தொட்டியில் பட்டாணி விதையை ஊன்றி, அதன் எதிரே காமிராவை நிறுத்தினார். விதை முளைத்து, தளிர்த்து, கொடியாகப் படர்வதை ஒரு மாதத்துக்கும் மேலாகச் சிறிது சிறிதாகப் பதிவு செய்தார். ஓடும் நேரமோ ஒரு நிமிடத்துக்குச் சற்றே அதிகம். அன்றைய வழக்கப்படி விநாடிக்கு 16 சட்டங்கள் என்று கொண்டால், ஒரு நிமிடத்துக்கு 960 சட்டங்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 32. அதைப் பார்த்த பின்னரே அவருக்குக் கடன் கிடைத்தது. 1913இல் 'ராஜா ஹரிச்சந்திரா' வெளிவந்தது. நமது திரைப்படத் தொழிலின் அடித்தளத்தில் ஒரு தாவரவியல் பாடம் புதைந்து கிடக்கிறது என்றால் மிகையாகாது.

தமிழ்நாட்டுக் கதை இதைவிடச் சுவையானது. இங்கே சினிமா தொடங்கியதே பழைய பொருளைக் கைமாற்றி வாங்கியதில்தான். திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் ஊர் ஊராகப் படம் காட்டி வந்த துய்ப்போன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து, அவர் பயன்படுத்திய புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். அதைத் தூக்கிக்கொண்டு தென்னாடெங்கும் சுற்றினார். பிறகு கோவையில் நிலையான கொட்டகை கட்டினார்.

அடுத்தவர் ஆர். நடராஜ முதலியார். சென்னையில் மோட்டார் வாகனத் தொழில் செய்து வந்த இவர், ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கில ஒளிப்பதிவாளரிடம் பூனாவில் தொழில் கற்றார். கற்றதும் காமிராவுக்குச் சீமைக்கு எழுதவில்லை. தஞ்சையில் மூப்பனார் என்ற செல்வந்தரிடம் இருந்த ஒரு வில்லியம்சன் காமிராவையும், பிரதி எடுக்கும் கருவியையும் 1,800 ரூபாய்க்கு வாங்கினார் என்று திரைப்பட வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். 1917-18இல் வந்த 'கீசக வதம்' அக்காமிராவின் குழந்தை. தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம், ஒருவர் வாங்கி மற்றொருவர் பயன்படுத்திய வில்லையின் வழியே பிறந்தது. பழைய லென்சைத் தேடி அலையும் இன்றைய மாணவன் எதற்காக வெட்கப்பட வேண்டும்?

பேச்சு வந்தது, வில்லையும் மாறியது

1920களின் இறுதியில் சினிமா பேசத் தொடங்கியது. ஒலிக்கும் வில்லைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அதுவரை படப்பிடிப்புக்குப் பயன்பட்ட கார்பன் வில் விளக்குகள் இரைச்சலிடுபவை. ஒலிவாங்கியின் முன் அவற்றை வைக்க முடியாது. ஓசையற்ற டங்ஸ்டன் விளக்குகளுக்கு மாறினார்கள். ஆனால் வெளிச்சம் குறைந்தது. ஆகவே அதிக ஒளியை வாங்கும் வில்லை தேவைப்பட்டது. இங்கிலாந்தில் டெய்லர்-ஹாப்சன் நிறுவனத்தின் ஹொரேஸ் லீ 1920இலேயே, பிளானாரின் சமச்சீர் அமைப்பைச் சற்று மாற்றி, எஃப்/2 அளவுக்குத் துளை அகன்ற ஒரு வில்லையைச் செய்திருந்தார். அதன் வழித்தோன்றலாக 1930களின் தொடக்கத்தில் வந்ததே 'குக் ஸ்பீட் பான்குரோ'. ஹாலிவுட் முழுவதும் அதை ஏற்றுக்கொண்டது.

ஆயினும் ஒரு தடை இருந்தது. கண்ணாடிக்கும் காற்றுக்கும் இடையே உள்ள ஒவ்வொரு பரப்பும், தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. டிரிப்ளெட்டில் இத்தகைய பரப்புகள் 6. எஞ்சும் ஒளி 78 சதவீதம். பான்குரோ வகையில் 8 பரப்புகள். எஞ்சுவது 72 சதவீதமே. தொலைந்த ஒளி தொலைந்தும் போவதில்லை. உள்ளுக்குள்ளேயே எதிரொளித்துத் திரிந்து, கடைசியில் படத்தின் மீது மூடுபனி போலப் படிகிறது.

இதற்கான மருந்தின் முதற்குறிப்பு ஒரு பழைய வில்லையிலிருந்தே கிடைத்தது. முன் சொன்ன டென்னிஸ் டெய்லர், காலத்தால் மேற்பரப்பு மங்கிப்போன வில்லைகள் புதியவற்றை விட அதிக ஒளியை விடுவதைக் கண்டார். மங்கல் எனத் தோன்றியது உண்மையில் ஒரு மெல்லிய ஏடு. அது ஒளிக் குறுக்கீட்டு விளைவால் எதிரொளிப்பைக் குறைத்தது. இவ்வுண்மையைக் கொண்டு, 1935இல் ஸைஸ் நிறுவனத்தின் அலெக்சாந்தர் ஸ்மாகுலா, வெற்றிடத்தில் ஆவியாக்கிப் பூசும் முறையை உருவாக்கினார். மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிப்புள்ள பூச்சு அது. லென்சைச் சாய்த்துப் பார்த்தால் நீலமாகவோ ஊதாவாகவோ மின்னுகிறதே, அதுதான்.

நெருங்கினால் வரும் தொல்லை

இனி அண்மைப் படப்பிடிப்புக்கு வருவோம். பொருளை நெருங்க நெருங்க, பிம்பம் வில்லையிலிருந்து விலகிச் செல்லும் என்பது நீங்கள் அறிந்த விதி. 50 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள வில்லை மலையைப் பார்க்கும்போது பிம்பம் 50 மில்லிமீட்டர் பின்னால் விழுகிறது. ஒரு பொருளை அதன் உண்மையான அளவிலேயே படமாக்க வேண்டுமானால், பொருளும் 100 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும், பிம்பமும் 100 மில்லிமீட்டரில் இருக்கும். அதாவது வில்லையை 50 மில்லிமீட்டர் முன்னே தள்ளி வைக்க வேண்டும். இதற்குத்தான் வில்லைக்கும் காமிராவுக்கும் நடுவே வளையங்களையோ துருத்தியையோ பொருத்துகிறார்கள்.

இதனால் மூன்று தொல்லைகள் எழுகின்றன. முதலாவது, ஒளி குறைகிறது. உருப்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டி வர்க்கப்படுத்துங்கள். அத்தனை மடங்கு குறைவு. உண்மை அளவுக்கு 4 மடங்கு. இரட்டிப்பு அளவுக்கு 9 மடங்கு. இரண்டாவது, தெளிவாகத் தெரியும் ஆழம் சுருங்குகிறது. எஃப்/8 துளையில், உண்மை அளவில் எடுத்தால், தெளிவின் ஆழம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். ஓர் எறும்பின் தலை தெரிந்தால் வால் தெரியாது. சரி, துளையை மேலும் சிறிதாக்கினால் ஆழம் கூடுமே என்றால், விளிம்பு விளைவு குறுக்கே வந்து படம் முழுவதையும் மழுக்கிவிடும். ஒன்றை இழுத்தால் மற்றொன்று நழுவும் போர்வை இது.

மூன்றாவது தொல்லை சினிமாக்காரனுக்கு மட்டும் உரியது. பழைய காமிராக்களில் பார்வைக்கண் வில்லையின் பக்கத்தில் தனியே இருந்தது. தொலைவில் நிற்பவரைப் படம் எடுக்கும்போது இவ்விடைவெளி பொருட்டில்லை. ஒரு சாண் தொலைவிலுள்ள வண்டைப் படம் எடுத்தால், கண்ணுக்குத் தெரிவது ஒன்று, படத்தில் விழுவது வேறொன்று! மிட்செல் காமிராவில் உடற்பகுதியைப் பக்கவாட்டில் நகர்த்தி, வில்லை வழியாகவே பார்த்துவிட்டு, மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவந்து ஓட்டுவார்கள். ஓடும்போது பார்க்க இயலாது. வண்டு அதற்குள் போய்விட்டிருக்கும். 1937இல் ஜெர்மனியின் ஆரி நிறுவனம், சுழலும் மூடியின் மேலேயே கண்ணாடி பதித்து, வில்லை காண்பதையே ஒளிப்பதிவாளரும் காணும்படி செய்தது. அண்மைச் சலனப்படத்துக்குக் கதவு திறந்தது அன்றுதான் எனலாம்.

1955இல் ஹைன்ஸ் கில்ஃபிட் என்பவர் 'மாக்ரோ-கிலார்' என்னும் 40 மில்லிமீட்டர் வில்லையை வெளியிட்டார். தனி வளையம் ஏதும் இன்றி, தன் திருகுமறையை நீட்டியே மிக நெருங்கிய பொருளைக் குவிக்கக்கூடியது அது. சுவிட்சர்லாந்தின் கெர்ன் நிறுவனம், 16 மில்லிமீட்டர் பொலெக்ஸ் காமிராக்களுக்கென 'மாக்ரோ-ஸ்விட்டார்' வில்லைகளைச் செய்தது. பூச்சிகளையும் மலர்களையும் படமாக்கியவர்களுக்கு இவை பெரிய வரப்பிரசாதம்.

இங்கே ஓர் இயற்பியல் உண்மையைக் கவனியுங்கள். உண்மை அளவில் எடுக்கும்போது, வில்லைக்கு இருபுறமும் தூரம் சமம். சமச்சீரான வில்லை அந்நிலையில் தன் பக்கவாட்டுக் குறைகள் பலவற்றைத் தானே நீக்கிக்கொள்ளும். முன்பாதி செய்த பிழையைப் பின்பாதி எதிர்த்திசையில் செய்வதால். பான்குரோ வகையைச் சேர்ந்த பழைய சினிமா வில்லைகள் அண்மைப் படத்துக்கும் நன்கு உதவுவதன் காரணம் இதுவே.

சந்தையில் பழைய வில்லை

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் படச்சுருள் மறைந்து டிஜிட்டல் முறை பரவியது. தமிழ்நாட்டுக் கொட்டகைகளின் புரொஜெக்டர்கள் மூலையில் ஒதுங்கின. பல பழைய இரும்பு விலைக்குச் சென்றன. அதே காலத்தில் விந்தையான ஒன்று நிகழ்ந்தது. புதிய டிஜிட்டல் காமிராக்களின் படம் மிகவும் கூர்மையாக, மாசற்றதாக, ஒருவகையில் உயிரற்றதாக இருப்பதாக ஒளிப்பதிவாளர்கள் எண்ணினார்கள். பழைய வில்லையின் மென்மையையும், அதன் உள்ளெதிரொளிப்பால் வரும் ஒளிச்சிதறலையும் விரும்பித் தேடினார்கள். நம் முன்னோர் போராடி ஒழித்த குறைகளே அழகாகிவிட்டன! பழைய ஸ்பீட் பான்குரோ தொகுதிகள் இன்று பல லட்சம் ரூபாய்க்குக் கைமாறுகின்றன.

மாணவர்களாகிய நமக்கு அந்தச் சந்தை எட்டாது, எட்டவும் வேண்டாம். நமக்கு உரியவை வேறு இரண்டு. ஒன்று, 16 மில்லிமீட்டர் காமிராக்களின் சிறு வில்லைகள். இவற்றில் பெரும்பாலானவை 'சி-மவுண்ட்' எனும் திருகு உடையவை: விட்டம் ஓர் அங்குலம், அங்குலத்துக்கு 32 புரிகள், திருகு முகத்திலிருந்து பிம்பத்துக்கு 17.526 மில்லிமீட்டர். இன்றைய கண்ணாடியற்ற டிஜிட்டல் காமிராக்கள் பலவற்றில் இத்தூரம் சற்று அதிகம். ஆதலால் வில்லையை உள்ளே அமிழ்த்திப் பொருத்தாவிடில், தொலைவிலுள்ள பொருள் குவியாது. 'தொலைவு தெரியவில்லை' என்று சொல்லிப் பலர் அவற்றை மலிவாகத் தள்ளிவிடுவார்கள். அண்மைப் படத்துக்கோ நாமே வளையம் போட்டு வில்லையை முன்னே தள்ளப்போகிறோம்! அவர்களுக்குக் குறையானது நமக்குக் குறையே அல்ல.

இரண்டாவது, புரொஜெக்டர் வில்லை. அது செய்யும் வேலையை எண்ணிப் பாருங்கள். 21 மில்லிமீட்டர் அகலமுள்ள படச்சட்டம் ஒன்றை 6 மீட்டர்த் திரையாக, அதாவது சுமார் 285 மடங்கு, பெரிதாக்குகிறது. சிறிய பொருள் அருகில், பெரிய பிம்பம் தொலைவில். அண்மைப் படப்பிடிப்பில் நாம் வேண்டுவதும் இதே ஏற்பாடுதானே? படச்சுருள் இருந்த பக்கத்தில் உப்புப் படிகத்தையும், திரை இருந்த பக்கத்தில் காமிராவையும் வைத்தால் போதும். ஒரு வேலைக்குச் செய்த வில்லையை மற்றொன்றுக்குக் கொள்வதில் இழிவு ஏதுமில்லை. 1928இல் சர் சி. வி. ராமன் தம் புகழ்பெற்ற ஆய்வில் சூரிய ஒளியைத் திரட்டியது, 18 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு தொலைநோக்கி வில்லையைக் கொண்டுதான்.

வாங்குமுன் சோதிக்க வேண்டியவை சில. வில்லையை ஒரு விளக்கின் முன் சாய்வாகப் பிடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போன்ற கிளைகள் தென்பட்டால் அது பூஞ்சை, கண்ணாடியையே அரித்திருக்கலாம். இரு துண்டுகளை ஒட்டிய பிசின் விலகியிருந்தால் ஓரத்தில் வானவில் நிறத் திட்டுகள் தெரியும். துளைத் தகடுகளில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்புறத்துச் சிறு கீறல் பெரிய தீங்கு செய்யாது. பின்புறத்துக் கீறல் செய்யும். வில்லையை விற்கும் நாள் வந்தால், இக்குறைகளை வாங்குபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது தொழில் தர்மம்.

இன்னொன்று. 1940 முதல் 1970கள் வரை செய்யப்பட்ட சில வில்லைகளில், ஒளிவிலகல் எண்ணை உயர்த்தத் தோரியம் ஆக்சைடு கலந்த கண்ணாடி உண்டு. கோடாக்கின் 'ஏரோ-எக்டார்' இதற்குப் பேர்போனது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டில் இருப்பதும் இதே தோரியம்தான். இத்தகைய கண்ணாடி காலப்போக்கில் தேநீர் நிறமாகும்; வெயிலில் வைத்தால் நிறம் தணியும். காமிராவில் பொருத்திப் பயன்படுத்துவதால் அச்சமில்லை. ஆனால் அதைத் தேய்ப்பதும் உடைப்பதும் கூடாது; கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்ப்பதும் ஆகாது.

மரக்காணத்தில் நாங்கள் கற்றது

இனி எங்கள் கதை. சென்னையில் ஒரு பழைய சாமான் வணிகரிடம், சேமித்த பணத்தில், 25 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள ஒரு 16 மில்லிமீட்டர் சினிமா வில்லையை வாங்கினேன். பூஞ்சையில்லை, கீறலில்லை, பூச்சு நீலமாக மின்னியது. ஒரு மார்ச் மாதத்து முற்பகலில் அதைப் பாத்தியின் கரையில் நிறுத்தினோம். உண்மை அளவில் படம் எடுக்க, பொருள் வில்லையின் மையத்திலிருந்து 50 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். வில்லையின் முன்விளிம்புக்கும் உப்பு நீருக்கும் இடையே மூன்று விரல் அகலம்கூட இல்லை. பத்து மணிக்கு மேல் கடற்காற்று எழுந்தது. நீர் அலைந்தது; துளிகள் தெறித்தன. சற்று நேரத்தில் படம் மங்கியது. அவசரத்தில் சட்டைப் பையிலிருந்த கைக்குட்டையால் வில்லையைத் துடைத்தேன்.

ஓர் இயற்பியல் ஆசிரியன் செய்யத்தகாத காரியம் அது. துளி உலர்ந்து அதில் உப்புப் படிகங்கள் உருவாகியிருந்தன. எந்தப் படிகத்தின் கூர்மையான முனைகளைப் படமாக்க வந்தேனோ, அதே முனைகளைக் கொண்டு நானே வில்லையைத் தேய்த்தேன். எழுபது ஆண்டுகளாகப் பலர் கைகளில் பழுதின்றி இருந்த பூச்சு, என் கையில் அரை நிமிடத்தில் அழிந்தது. கடற்கரையில் வில்லை நனைந்தால் முதலில் காய்ச்சி வடித்த நீரை மென்பஞ்சில் தோய்த்து ஒற்றி, உப்பைக் கரைக்க வேண்டும். பிறகே துடைக்க வேண்டும். இதை நீங்கள் என் செலவில் கற்றுக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பிச் சிந்தித்தேன். குற்றம் கைக்குட்டையில் மட்டும் இல்லை, கணக்கிலும் இருந்தது. குவியத் தூரம் குறைவு என்பதால்தான் அவ்வளவு நெருங்க நேர்ந்தது. 100 மில்லிமீட்டர் வில்லையாக இருந்தால், இரட்டிப்பு அளவில் எடுத்தாலும் பொருள் 150 மில்லிமீட்டரில் இருக்கும். பிம்பம் 300 மில்லிமீட்டரில் விழும். அத்தகைய வில்லை ஒன்று, மூடப்பட்ட ஒரு கொட்டகையின் புரொஜெக்டரிலிருந்து கழன்று, ஒரு பழைய இரும்புக் கடையில் எடைக்கு எடை விலையில் கிடைத்தது. தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் பிளாஸ்டிக் குழாயின் உட்புறத்தில் கறுப்புத் தாள் ஒட்டி, ஒரு முனையில் வில்லையையும் மறுமுனையில் காமிராவையும் பொருத்தினோம். புரொஜெக்டர் வில்லையில் துளையைச் சுருக்கும் தகடுகள் இல்லை. எனவே கறுப்பு அட்டையில் 12.5 மில்லிமீட்டர்த் துளையிட்டு முன்னே மாட்டினோம். 100ஐ 12.5ஆல் வகுத்தால் 8, ஆக, எஃப்/8. தெளிவின் ஆழம் கால் மில்லிமீட்டர்.

காற்றோடு மோதுவதையும் விட்டோம். பாத்தியிலிருந்து முற்றிய நீரை ஒரு தட்டையான கண்ணாடிப் பாத்திரத்தில் முகந்து, உப்பளத்துக் கொட்டகைக்குள் வைத்தோம். கடல்நீர் வெயிலில் சுண்டும்போது உப்புக்கு முன்பே ஜிப்சம் படிகிறது. பிறகு திரவமானியில் 25 பாமே டிகிரியை நெருங்கும்போது சாதாரண உப்பு பிரியத் தொடங்குகிறது. எங்கள் நீர் அந்நிலையில் இருந்தது. பக்கவாட்டில் விளக்கை வைத்து, 10 விநாடிக்கு ஒரு சட்டம் வீதம் 4 மணி நேரம் பதிவு செய்தோம். மொத்தம் 1,440 சட்டங்கள். விநாடிக்கு 25 வீதம் ஓட்டினால் 58 விநாடி. பால்கேயின் பட்டாணிச் செடி ஓடிய நேரமும் ஏறக்குறைய இவ்வளவே!

அந்த 58 விநாடியில் நாங்கள் கண்டது இது. நீரின் மேற்பரப்பில் முதலில் ஒரு புள்ளி. அது ஒரு கனசதுரம். பரப்பு இழுவிசை அதைத் தாங்கிப் பிடிக்கிறது. தன் எடையால் அது சற்றே அமிழ்கிறது. ஆனால் ஆவியாதல் நிகழ்வது மேற்பரப்பில். உப்பு மிகுதியாகச் சேர்வதும் அங்கேதான். ஆகவே மேல் விளிம்பைச் சுற்றி நான்கு புறமும் புதிய உப்பு வரிசையாகப் படிகிறது. படிகம் மேலும் அமிழ்கிறது. மேலே இன்னொரு வரிசை, முன்னதைவிட அகலமாக. இப்படிப் படிப்படியாக, தலைகீழாக நிறுத்திய கோபுரம் போன்ற, உள்ளீடற்ற ஒரு கிண்ணம் உருவாகிறது. அது தோணி போல மிதக்கிறது. கடைசியில் விளிம்பில் நீர் புகுந்ததும் ஒரே கணத்தில் மூழ்கிவிடுகிறது. கனமான உப்பு மிதப்பதன் இரகசியம் அதன் வடிவத்தில் இருந்தது.

நாங்கள் அதைக் கொட்டகையில் ஒரு சிறிய திரையில் ஓட்டிப் பார்த்தபோது, உப்பு வாரும் பெண்கள் சிலரும் வந்து நின்றார்கள். இருபது ஆண்டுகளாக அங்கே வேலை செய்பவர் ஒருவர், மிதக்கும் உப்பைத் தினமும் பார்ப்பதாகவும், காலையில் காற்றில்லாத நேரத்தில்தான் அது அதிகம் இருக்கும் என்றும், வாரிப் பலகையை மெதுவாக இழுத்தால் கரையில் தனியாக ஒதுக்கலாம் என்றும் சொன்னார். அது படிக்கட்டுக் கிண்ணம் என்பதை மட்டும் அவர் கண்டதில்லை. வெறுங்கண்ணால் அதைத் தெளிவாகக் காண்பது கடினம். காற்றைப் பற்றிய உண்மையை நாங்கள் ஒரு வில்லையைப் பலி கொடுத்து அறிந்தோம். முதல் நாளே அவரைக் கேட்டிருந்தால் போதும்.

அன்பர்களே, அறிவியல் படம் எடுக்க அயல்நாட்டுக் கருவியும் பெரும் பொருளும் வேண்டும் என்று எண்ணி, நம் மாணவர்கள் பலர் ஒதுங்கி நிற்கிறார்கள். பிறர் எடுத்த படத்தைப் பிறர் மொழியில் பார்ப்பதோடு நிறைவு கொள்கிறார்கள். நம் கடற்கரையின் உப்பை, நம் வயலின் பூச்சியை, நம் கிணற்று நீரின் உயிர்களை நாமே படமாக்கி, நம் மொழியில் விளக்கும் வேலை காத்துக் கிடக்கிறது. அதற்கு வேண்டிய வில்லைகளோ பழைய கொட்டகைகளிலும் இரும்புக் கடைகளிலும் நாள்தோறும் உடைபட்டுக்கொண்டிருக்கின்றன. ஒரு முறை உருக்கப்பட்டால் அவை மீளா.

அடுத்த முறை உங்கள் ஊர்ப் பழைய இரும்புக் கடையைக் கடக்கும்போது, தூசி படிந்த பித்தளைக் குழாய் ஒன்று கண்ணில் பட்டால் கையில் எடுத்து, விளக்கின் முன் பிடித்துப் பாருங்கள். உள்ளே கண்ணாடி பழுதின்றி இருந்தால் வாங்கி வந்துவிடுங்கள். கைக்குட்டையை மட்டும் பைக்குள்ளேயே வைத்திருங்கள்.